இடது கைக் கத்தரி

என் தையல் மேசை இழுப்பறையில் ஒரு பெரிய கத்தரிக்கோல் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அவசரத்துக்கு அதை எடுத்துவிட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எவ்வளவு அழுத்தினாலும் வெட்டாது. துணி இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கி மாட்டிக்கொண்டு நிற்கும். "இந்த மொண்ணைய எதுக்குங்க அத்தை வச்சிருக்கீங்க, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுத் தொலைக்கலாமில்ல" என்று என் மருமகள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அது மொண்ணை இல்லை. இன்றைக்கும் பத்து மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டும். வலது கையில் பிடித்தால்தான் வெட்டாது. இடது கைக்காரர் ஒருவருக்காகவே அடித்த கத்தரி அது. அந்தக் கத்தரியால் நான் ஓர் ஆளின் தொடையில் குத்தியிருக்கிறேன். அதன் சொந்தக்காரர் என் நெற்றியைப் பிளந்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மாதம் இருந்தால் அதிகம்.

அவரை நாங்கள் ஹவில்தார் என்றுதான் சொல்வோம். வடக்கே சண்டைக்குப் போய், வலது கையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். முழங்கைக்குக் கீழே ஒரு சாண் தாண்டி ஒன்றும் கிடையாது. அந்த மொட்டைக் கைக்கு அனுப்பர்பாளையத்தில் சொம்பு தட்டுகிற ஒருவரிடம் சொல்லிப் பித்தளையில் ஓர் உறை செய்து மாட்டியிருந்தார். உள்ளே பனியன் துணி அடைத்து, இரண்டு தோல்வார் வைத்தது. காலையில் அவர் வீட்டுக்காரம்மா வாரை இறுக்கிக் கட்டிவிட்டால் இரவு படுக்கும்வரை அது கழலாது. அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். உறையின் நுனிப்பக்கம் சொம்பின் விளிம்பு மாதிரியே வெளியே மடிந்து நிற்கும். அந்த விளிம்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால் அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற மாஸ்டராக இருந்தவர். கை போன பிறகு திரும்பி வந்து, கையில் சர்க்கார் கடுதாசியை வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். எல்லோரும் எழுந்து நின்று மரியாதை கொடுத்தார்கள், காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள். வாசல் கேட்டு ஓரமாக ஒரு ஸ்டூல், ஒரு விசில், வாட்ச்மேன் வேலை. "வெயிலு படாத பக்கமா ஸ்டூலப் போட்டுத் தாரனுங்க" என்று சொன்ன ஒரு முதலாளியின் ஸ்டூலை அங்கேயே உதைத்து ரோட்டில் தள்ளிவிட்டு வந்தாராம். ஊனப்பட்டு வந்த பட்டாளத்துக்காரர்கள் இந்தப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இவர் மட்டும் பட்டாளத்தில் கொடுத்த தொகையை அப்படியே கொண்டுவந்து, ஒரு பஞ்சு மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகை பிடித்து, நான்கு மிதி மெஷின் போட்டு, தானே முதலாளி என்று உட்கார்ந்துவிட்டார். பெரிய கம்பெனி ஒன்று துணியை உருளை உருளையாக அனுப்பும். நாங்கள் வெட்டித் தைத்து பனியனாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதலாளி ஆகிவிட்டார், சரி. துணி வெட்டுவது எப்படி? கடையில் கிடைக்கிற கத்தரி எல்லாம் வலது கைக்குச் செய்தது. இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகிக்கொள்ளும், துணி மடங்கும். அவிநாசிபாளையத்தில் ரோட்டோரமாகக் கலப்பைக் கொழுவும் அரிவாளும் அடித்துக்கொண்டிருந்த ஒரு கொல்லரிடம் போனார். கொல்லர் பிடியை மட்டும் இடது கைக்குத் தோதாக வளைத்துவிட்டு அலகை அப்படியே விட்டுவிட்டார். வெட்டிப் பார்த்த ஹவில்தார் அதைத் தூக்கி எறிந்ததில் தண்ணீர்த் தொட்டி உடைந்தது. கொல்லர் சம்மட்டியை ஓங்கினார். இவர் பித்தளைக் கையை ஓங்கினார். இரண்டு பேரும் சாம்பலில் கட்டிப் புரண்டதை பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்க வேடிக்கை பார்த்ததாக அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்புறம் இருவரும் உட்கார்ந்து பீடி பிடித்தார்களாம். ஹவில்தார் பையிலிருந்து பட்டாளத்தில் முகம் மழிக்க வைத்திருந்த கண்ணாடியை எடுத்து, அதன் முன்னால் ஒரு சாதாரணக் கத்தரியைப் பிடித்து, "கண்ணாடிக்குள்ள தெரியறதுதானுங்க எனக்கு வேணும்" என்றாராம். கொல்லர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே அடித்தார். அதுதான் இந்தக் கத்தரி.

நான் அங்கே கைமடியாகப் போனபோது எனக்கு இருபத்து நான்கு வயது. தைப்பவருக்குத் துணியை மடித்துக் கொடுப்பதும், தைத்ததை அடுக்குவதும் கைமடி வேலை. நான் பிறவியிலேயே இடது கைக்காரி. பீச்சாங்கையால் சோறெடுத்தேன் என்று என் அம்மா கரண்டியைச் சுட வைத்து அந்தக் கையில் இழுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. போன கம்பெனியில் எல்லாம் இடது கையால் துணி நீட்டினால் டெய்லர்கள் முகம் சுளிப்பார்கள், "கையை மாத்துங்கம்மா, வெளங்குமா?" என்பார்கள். ஹவில்தார் முதல் நாள் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் நல்லவர் என்பதால் சொல்லவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இடது கையைப் பற்றிப் பேச அவருக்கு வாய் இல்லை, அவ்வளவுதான்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். தையல் கோணினால் பனியனைக் கிழித்து முகத்தில் எறிவார். ஒரு மாரியம்மன் நோம்பி அன்று மத்தியானம் கொட்டகைக்கு வெளியே யாரோ அதிர்வேட்டுப் போட்டார்கள். மறு நொடி ஹவில்தார் மேசைக்குக் கீழே இருந்தார். என்ன ஆச்சு என்று குனிந்து தோளைத் தொட்ட டெய்லரைப் பித்தளைக் கையால் ஒரே வீசு. தாடை எலும்பு விலகிவிட்டது. அந்த டெய்லர் ஒரு மாதம் கஞ்சியைத்தான் குடித்தார். தெளிந்த பிறகு ஹவில்தார் அவரைப் பார்க்கவே முடியாமல் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு ஒரு தடவைதான் சண்டையைப் பற்றிப் பேசினார். எங்களிடம் பேசவில்லை, வெட்டிக்கொண்டே துணியிடம் பேசினார். குழிக்குள் குதித்தாராம். எதிரே இருந்த பையனுக்கு மீசை கூட முளைக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையால் மூஞ்சியில் மூன்று தடவை அடித்தாராம். "மூணாவது அடி தேவையில்லீங்க. ரெண்டுலயே முடிஞ்சு போச்சு. ஆனாலும் அடிச்சனுங்க." அந்தப் பையன் கையில் பிடித்திருந்த குண்டு கீழே விழுந்தது. அதை எடுத்து வெளியே எறியப் போனபோதுதான் கை போனது. சொல்லி முடித்தபோது ஒரு டஜன் பனியனுக்கு முதுகுப் பக்கம் வெட்டி முடிந்திருந்தது.

அவர் செய்த தப்பு, இந்தத் தொழிலிலேயே வளர்ந்த எவனும் செய்யமாட்டான். வெட்டினால் துணி மிச்சமாகும். அந்த மிச்சம் வெட்டுகிற மாஸ்டருக்கு என்பது திருப்பூரில் எழுதாத வழக்கம். கேட்கிறவரும் இல்லை, சொல்கிறவரும் இல்லை. வெட்டுவதற்கான அளவு அட்டையை ஹவில்தார் துணியில் வைக்கிற விதமே வேறு. ஒரு பனியனின் கழுத்துக் குழிவுக்குள் இன்னொன்றின் தோள் உட்காரும்படி தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைப்பார். பெரிய கம்பெனியின் சொந்த மாஸ்டர் வெட்டுவதைவிட இவர் வெட்டும்போது நிறையவே மிஞ்சும். மிஞ்சியதை என்ன செய்தார் தெரியுமா? மூலைக்கு மூலை சேர்த்து, பட்டாளத்துக் கம்பளி மாதிரி மடித்து, பனியனோடு பெரிய கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். "ஸ்டோர்ல வாங்குனது மிஞ்சுனா ஸ்டோர்லதானுங்க குடுக்கோணும்" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, இதுவென்ன பட்டாளமுங்களா?" என்று நானும் கேட்டேன். என்னை முறைத்தார்.

பெரிய கம்பெனி முதலாளி ஒன்றும் முட்டாள் இல்லை. ஒரு கை இல்லாத ஆள் வெட்டியே இவ்வளவு மிஞ்சுகிறதென்றால் இத்தனை வருஷமாகத் தன் மாஸ்டரிடம் மிஞ்சியது எங்கே போனது என்று யோசித்தார். மாஸ்டரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்.

அந்த மாஸ்டர் இரண்டு ஆட்களோடு வந்தது பட்டப் பகலில். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். மூலையில் நான் தூக்குப்போசியைத் திறந்துகொண்டிருந்தேன். ஹவில்தார் இருபது மடிப்புத் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். ஒருவன் பின்னாலிருந்து கழுத்தை வளைத்தான். அவர் திரும்பிப் பித்தளைக் கையால் விட்ட அடியில் அவன் வாய் உடைந்து இரண்டு பல் வெள்ளைத் துணி மேல் விழுந்தது. அதற்குள் மற்றவன் அவர் இடது கையைப் பிடித்து மேசையோடு அழுத்திவிட்டான். கத்தரி என் காலடியில் வந்து விழுந்தது. துணி நகராமல் இருக்க ஓரத்தில் இரும்புக் கல் வைத்திருப்போம். மாஸ்டர் அதை எடுத்தார். "இந்தக் கையும் போச்சுன்னா மிச்சத் துணிய எதுலடா மடிச்சுக் குடுப்பே?" என்று கேட்டுவிட்டு விரல்கள் மேல் இறக்கினார். கரும்பு ஒடிகிற சத்தம். இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. ஹவில்தார் கத்தவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யோசிக்காதபோது என் இடது கைதான் முதலில் நீளும். கத்தரியை எடுத்தேன், கையைப் பிடித்திருந்தவன் தொடையில் முழு பலத்தோடு குத்தினேன். பாதி அலகு உள்ளே போய் எலும்பில் முட்டியது கை வரைக்கும் தெரிந்தது. அவன் போட்ட சத்தத்தில் மில் ஆட்கள் ஓடிவர, மூவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். கேஸ் எதுவும் ஆகவில்லை. பொம்பளையிடம் குத்து வாங்கினேன் என்று அவன் எங்கே போய்ச் சொல்வான்? அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை. இன்னும் ஒரு குத்துக் குத்தியிருக்கலாம் என்றுதான் இருந்தது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் உண்மை அதுதான்.

ஹவில்தாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்கு விரலும் நொறுங்கியிருந்தது. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு பயிற்சி செய்தால் ஆறு மாதத்தில் ஓரளவு மடங்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதம் யார் காத்திருப்பார்கள்? நான்கு நாளுக்குள் பனியன் போகவில்லையென்றால் பெரிய கம்பெனி துணியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், கொட்டகையை மூட வேண்டியதுதான், அவர் அந்த ஸ்டூலுக்குத்தான் போக வேண்டும். அக்கா நாலைந்து மாஸ்டர்களிடம் போய் அழுதார். ஒருவர்கூட வரவில்லை. மிச்சத் துணியைக் காட்டிக்கொடுத்த ஆளின் மேசையில் எந்த மாஸ்டர் நிற்பார்? மூன்றாம் நாள் காலையில் நான் மேசையருகே போனேன். இருபது மடிப்பும் அப்படியே கிடந்தது. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். ரத்தம் ஏழு மடிப்புவரை இறங்கியிருந்தது. எட்டாவது வெள்ளையாக இருந்தது. அங்கிருந்து ஆரம்பித்தேன்.

பொம்பளை துணி வெட்டுவது அன்றைக்குக் கிடையாது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். முதல் இழுப்பிலேயே கத்தரி என் கைக்கு வந்துவிட்டது. என்ன சொல்வது, பிறந்ததிலிருந்து தப்பு என்று சொல்லப்பட்ட கைக்கு முதல் தடவையாக ஒரு சரியான பொருள் கிடைத்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் வெட்டினேன். ஒரே தொந்தரவு, பிடியின் வளையம் ஹவில்தாரின் தடித்த கட்டைவிரலுக்குச் செய்தது. என் விரல் அதற்குள் ஆடி ஆடித் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. வெட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினேன். நாற்பது நாள் கொட்டகை திறந்திருந்தது. ஹவில்தாரிடம் மட்டும் வெளியூர் மாஸ்டர் ஒருவர் வந்து வெட்டுகிறார் என்று அக்கா சொல்லி வைத்திருந்தார்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை. பித்தளைக் கையை ஆஸ்பத்திரியிலேயே கட்டிவிடச் சொல்லி நேராகக் கொட்டகைக்கு வந்து நின்றார். இடது கை விரல்கள் காய்ந்த குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. மேசையில் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"என்ற கத்தரியக் கீழ வைங்க அம்மிணி."

நான் பாதி வரியில் இருந்தேன். பாதியில் நிறுத்தினால் மடிப்பு நகர்ந்துவிடும், அதை எங்களுக்குச் சொன்னதே அவர்தான். "இந்த வரிய முடிச்சுட்டு வெச்சறனுங்க" என்றேன். அவர் வீசியதை நான் பார்க்கவில்லை. பித்தளை விளிம்பு நெற்றியில் பட்டுக் கிழித்துக்கொண்டு போனது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கத்தரியை மேசைமேல் வைத்தேன். "நாப்பது நாளும் இந்தக் கொட்டாயி தொறந்திருந்துச்சுங்க. எப்படீன்னு அக்காவக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்து வந்துவிட்டேன். ஆறு தையல். என் வீட்டுக்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "அவருக்கு ஒரு கையி இல்ல, இன்னொரு கையி வெளங்கல. நீங்க போயி எதைங்க வெட்டப் போறீங்க?" என்று கேட்டேன். அரிவாளை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் தலையில் கட்டோடு போனேன். ஏன் போனாய் என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்தக் கத்தரிக்காகப் போனேன். போனால், கொட்டகை வாசலில் ஹவில்தார் உட்கார்ந்திருந்தார். தன் சொந்தக் கம்பெனி வாசலில், ஒரு ஸ்டூலில். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை, ஆனாலும் அந்த ஸ்டூலைப் பார்க்க மாட்டாமல் உள்ளே போனேன். உள்ளே மெஷின்கள் சும்மா நின்றன. மேசையில் கத்தரி இல்லை. "எங்கீங்க?" என்றேன். அவர் மடியிலிருந்த துணிப்பையை இடுக்கிக்கொண்டு எழுந்து பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்து போனார்.

மறுநாள் மத்தியானம் வந்தார். பித்தளை உறைக்கும் இடது மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி வைத்திருந்த துணிப்பையை மேசைமேல் போட்டார். உள்ளே கத்தரி. சாணை பிடித்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், ஆடவில்லை. கட்டைவிரல் வளையத்துக்குள் இன்னொரு வளையம், மஞ்சளாக, வழுவழுவென்று இறுகியிருந்தது. எனக்கு மட்டுமே பொருந்துகிற அளவு. அவருடைய கட்டைவிரல் இனிமேல் அதற்குள் நுழையாது. ஆறு மாதம் கழித்து அவர் விரல்கள் மடங்கினாலும் நுழையாது. நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தேன். பித்தளை உறையின் விளிம்பைக் காணோம். வெட்டி எடுத்து, ஓரத்தை வழித்து, நெருப்புக் காட்டி மொழுக்கிவிட்டிருந்தார்கள். என் நெற்றியைக் கிழித்த விளிம்புதான் என் விரலைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"விரலு புண்ணுன்னு ஊட்டுல சொன்னாங்க" என்றார். அப்புறம், "பாத்துட்டு நின்னா ஆச்சுங்களா? துணிய விரிங்க" என்றார். துணியை விரித்தேன். அவர் எதிரே வந்து நின்று, அந்த மொழுக்கைப் பித்தளையால் மடிப்புகளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அட்டை வைப்பது அவர் கண், வெட்டுவது என் கை. அப்படியே பல வருஷம் ஓடியது. நான்கு மெஷின் பன்னிரண்டானது. ஒரு கால் இல்லாத பட்டாளத்துக்காரர் ஒருவரை ஏதோ ஒரு கேட்டு ஸ்டூலிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து, கையால் சுற்றுகிற மெஷின் போட்டுக் கொடுத்தார். பிறகு அந்த ஆளும் தனியாக ஒரு கொட்டகை போட்டுப் போனார். மிச்சத் துணி கடைசிவரை மடித்துத்தான் திரும்பிப் போனது. அவர் கோபமும் கடைசிவரை குறையவில்லை, ஆனால் யாரையும் அந்தக் கையால் பிறகு அடிக்கவில்லை. என்னிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை. இதை நான் ஒளிக்கப் போவதில்லை, மழைக்காலத்தில் இன்றும் நெற்றி வலிக்கிறது.

அவர் போனபோது அக்கா கடைசியாக ஒரு தடவை வாரை இறுக்கிக் கட்டிவிட்டார். பித்தளைக் கையோடேதான் குழிக்குள் இறக்கினார்கள். "கத்தரி உனக்குத்தான், அது வேற யாரு கையிலயும் நிக்காது" என்று அக்கா என்னிடம் கொடுத்தார். அந்தப் பித்தளையில் மண்ணுக்கு மேலே மிஞ்சியிருப்பது இந்த வளையம் ஒன்றுதான்.

போன வாரமும் மருமகள் வெட்டிப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டு இழுப்பறையில் போட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் எடுத்து இடது கைக் கட்டைவிரலை வளையத்துக்குள் விட்டுப் பார்த்தேன். மூட்டு வீங்கியிருப்பதால் உள்ளே போகக் கொஞ்சம் நேரமாகிறது. போய்விட்டால் ஆடுவதில்லை.